உமணர் என்பவர் உப்பு விளைப்பவரா, உப்பு வண்டி ஓட்டுபவரா?

கேள்வி — நெய்தல்மணல்

சங்கப் பாடல்களில் அடிக்கடி வரும் 'உமணர்' என்ற சொல்லில் எனக்குத் தெளிவு வேண்டும். அகராதியைத் திறந்தால் 'உப்பு வாணிகர்' என்றும் 'உப்பமைப்போர்' என்றும் இரண்டு பொருளும் இருக்கின்றன. ஆனால் பாட்டுகளைப் படிக்கும்போது உப்பளத்தைவிட வண்டி, எருது, நுகம், அச்சு ஆகியவைதான் இவர்களோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. அப்படியானால் இது உப்புத் தொழிலின் பெயரா, போக்குவரத்துத் தொழிலின் பெயரா?

சொல்லின் வேர் என்ன என்பது இன்னொரு கேள்வி. 'உவர்மண்' என்பதே சுருங்கி 'உமண்' ஆயிற்று என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

வண்டி பற்றித் தெரிந்தவர்கள் 'சேம அச்சு' என்பதையும் விளக்கினால் நன்றாக இருக்கும். உரைகளில் 'மாற்று அச்சு' என்ற அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வண்டிக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்?


பதில் — ஏட்டுவரி

முதல் கேள்விக்குப் பாட்டுகளே விடை வைத்திருக்கின்றன.

நற்றிணை 331-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'உவர்விளை உப்பின் உழாஅ உழவர் ஒழுகை உமணர் வருபதம் நோக்கிக் கானல் இட்ட காவற் குப்பை' என்கிறது. இதில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். உப்பை விளைப்பவர் 'உழாஅ உழவர்', ஏர் பூட்டாமல் விளைவு எடுப்பவர். அவர்கள் உப்பைக் குவித்து, காவல் வைத்து, ஒருவர் வருகைக்காகக் காத்திருக்கிறார்கள். வரப்போகிறவர் 'ஒழுகை உமணர்'. விளைப்பவரும் உமணரும் ஒருவரே என்றால் இந்த வரிக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

அகநானூறு 140-ம் இதையே சொல்கிறது. சிறுகுடிப் பரதவர் கழியில் 'உழாஅது செய்த வெண்கல் உப்பு' அது. அதை விலை கூறிக்கொண்டு வெயில் காயும் குன்றங்களைக் கடந்து போகிறவர்கள் 'கதழ்கோல் உமணர்'. கையிலே எருது ஓட்டும் கோல் இருக்கிறது. உப்பு வாரும் பலகை இருப்பதாக எங்கும் சொல்லவில்லை.

நற்றிணை 183 இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. தம் நாட்டில் விளைந்த வெண்ணெல்லைக் கொண்டுவந்து, பிற நாட்டு உப்பை ஏற்றி, சுற்றத்தோடு புலம் பெயர்ந்து போகிறார்கள். உப்பு இவர்களுக்குப் 'பிற நாட்டு உப்பு'. ஆகவே இவர்கள் கடற்கரையிலேயே குடியிருந்தவர்கள் அல்லர். நெல்லோடு இறங்கி உப்போடு ஏறுகிறவர்கள். இரண்டு வழியும் வண்டி வெறுமையாக ஓடாது. சரக்கு வண்டித் தொழிலில் இன்றைக்கும் லாபத்தைத் தீர்மானிப்பது திரும்பும் சுமைதான்.

ஆகவே என் தீர்ப்பு இது: உமணர் என்பது சொந்த வண்டியும் எருதும் வைத்துக்கொண்டு, உப்பைத் தொலைவுக்குக் கொண்டுபோய் விற்றவர்களின் பெயர். வெறும் கூலி வண்டிக்காரர் அல்லர், கடை போட்டு உட்கார்ந்த வணிகரும் அல்லர். சரக்கு, வண்டி, வழி மூன்றும் ஒருவரிடமே இருந்த தொழில். 'உப்பமைப்போர்' என்ற பொருள் அகராதிகளில் இருந்தாலும், சங்கப் பாட்டுக்கு உரை சொல்லும்போது அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் மேற்கண்ட மூன்று பாட்டிலும் பொருள் இடறும்.

சில துணைச் சொற்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் படிப்பது எளிது.

'ஒழுகை' என்பது வண்டி வரிசை. ஒழுகு என்ற வினையிலிருந்து வந்தது, இடைவிடாமல் தொடர்ந்து செல்வது. ஒற்றை வண்டிக்குச் சகடம், சாகாடு என்ற சொற்கள் உண்டு. 'சாத்து' என்பது வழிச்செல்லும் வணிகக் கூட்டம். வண்டியே இல்லாமலும் சாத்து உண்டு. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது.

இந்த உப்புப் பாட்டுகளில் வரும் 'கொள்ளை சாற்றி' என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கொள்ளை என்றால் இங்கே விலை, சாற்றுதல் என்றால் உரக்கக் கூறுதல். சூறையாடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. என்ன விலை கூறினார்கள் என்பதும் அகநானூறு 390-ல் இருக்கிறது: 'நெல்லும் உப்பும் நேரே'. ஒரு அளவு நெல்லுக்கு அதே அளவு உப்பு. இந்தப் பாட்டையும் 140-ஐயும் பாடியவர் அம்மூவனார்.


பதில் — வட்டைக்கால்

வண்டிப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சேம அச்சு வருவது புறநானூறு 102-ல். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. அங்கே காரணங்களை ஒரு வண்டி ஆசாரி சொல்வது போலவே வரிசையாகச் சொல்லியிருக்கிறார். எருது இளையது, நுகம் பழகவில்லை. வண்டியில் பண்டம் மிகுதியாக ஏற்றியிருக்கிறது. வழி பள்ளத்தில் இறங்கலாம், மேட்டில் ஏறலாம், முன்னே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் உமணர் கீழ்மரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்த மூன்றும் மர அச்சு ஒடிவதற்கான மூன்று தனித்தனிக் காரணங்கள்.

முதலில் சுமை. இரண்டு சக்கர வண்டியில் மொத்தப் பாரமும் அச்சின் இரு முனைகளில் தொங்குகிறது. அச்சின் நடுப்பகுதி பாருக்கு (வண்டியின் நீளச் சட்டத்துக்கு) அடியில் தடிமனாக இருக்கும். முனை மட்டும் குடத்துக்குள் (சக்கரத்தின் நடுக்கட்டைக்குள்) நுழைவதற்காக இழைத்து ஒல்லியாக்கப்பட்டிருக்கும். தடிமன் குறைந்து முனை தொடங்குகிற அந்தத் தோள்பட்டை இடத்தில்தான் அச்சு ஒடியும். நடுவில் ஒடிவது அரிது. உப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பார்வைக்குச் சிறிதாக இருக்கும், எடையோ கூடுதல். ஒரே கொள்ளளவில் கல்லுப்பு நெல்லைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கனக்கும். நெல் ஏற்றிப் பழகிய கண்ணால் உப்பை ஏற்றினால், வண்டி நிறைவதற்கு முன்பே அச்சு தாங்கும் எல்லை தாண்டிவிடும். மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று குறள் 475 சொல்கிறது. உப்புக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

இரண்டாவது, வழி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பாரம் அந்தப் பக்கத்துக்குச் சாய்கிறது. அதுவரை இரண்டு முனையும் பங்கிட்டுக்கொண்ட எடையில் பெரும்பகுதி ஒரே முனையில் விழுகிறது, அதுவும் குலுக்கலோடு. இறக்கத்தில் முன்பாரம் கூடும். நுகம் எருதின் கழுத்தை அழுத்தும், எருது பின்வாங்கித் தாங்க வேண்டும். ஏற்றத்தில் பின்பாரம் கூடும். ஏர்க்கால் (வண்டியையும் நுகத்தையும் இணைக்கும் நீளமரம்) மேலே தூக்கும், பூட்டாங்கயிறு எருதின் தொண்டையை இறுக்கும், எருது மூச்சு வாங்க நின்றுவிடும். அப்போது வண்டி பின்னுக்கு உருண்டு, சக்கரம் கல்லில் மோதும். நல்ல வண்டிக்காரர் ஏற்றத்துக்கு முன்பே இரண்டு மூட்டையை முன்பக்கம் தள்ளி வைப்பார், இறக்கம் வந்ததும் பின்னுக்கு மாற்றுவார்.

மூன்றாவது, எருது. பழகிய சோடி ஒரே அடியாக இழுக்கும். பழகாத எருது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நுகம் கோணும், வண்டி நேராகப் போகாமல் பாம்பு போல வளையும். ஒவ்வொரு வளைவிலும் குடம் அச்சு முனையைப் பக்கவாட்டில் நெருக்கும். தேய்மானம் ஒரு பக்கமாக விழுந்து முனை மெலியும்.

இதோடு பாட்டு சொல்லாத நான்காவது ஒன்றும் உண்டு: காற்றின் ஈரம். கடற்கரைக் காற்றில் மரம் ஊறி இருக்கும். உள்நாட்டு வறண்ட வெயிலுக்கு வந்ததும் சுருங்கும். வட்டை (சக்கரத்தின் வெளிவளையம்) மூட்டுகள் விலகும், ஆரக்கால் குடத்தில் ஆடும், சக்கரம் கடகடக்கும். மரவண்டி ஓடிய காலம் முழுவதும் இதற்கு வைத்தியம் ஒன்றுதான். இரவில் சக்கரத்தைக் கழற்றிக் குளத்தில் ஊறப்போடுவது, இல்லையென்றால் ஆப்பு வைத்து இறுக்குவது. உமணர் போன பாலை வழியில் ஊறப்போடத் தண்ணீர் எளிதில் கிடைத்திருக்காது.

அச்சு மாற்றும் வேலை எப்படி என்றும் சொல்கிறேன். அப்போதுதான் முன்யோசனையின் அருமை புரியும்.

எருதுகளை அவிழ்த்துவிட்டு ஏர்க்காலுக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். ஒடியாத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது வண்டி உருளும். பிறகு சுமையை இறக்க வேண்டும். உப்பை வெறுந்தரையில் இறக்கக் கூடாது, மண் ஒட்டும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும் என்பதால், கடலோரப் பகுதியில் இரவு முழுக்கத் திறந்து கிடக்கவும் விடக் கூடாது. அடுத்து நெம்புகட்டையால் பாரைத் தூக்கிக் கல் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். சக்கரம் கழலாமல் அச்சு முனையில் செருகிய கடையாணியைத் தட்டி எடுத்துச் சக்கரங்களை உருவ வேண்டும். ஒடிந்த அச்சின் கட்டை அவிழ்த்துக் கீழே இறக்கி, புதியதை அதே இடத்தில் பொருத்தி, முனையில் மை தடவி, சக்கரம் மாட்டிக் கடையாணி செருக வேண்டும். பிற்காலத்து வண்டி மை என்பது வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்தது. இது இல்லாமல் மரத்தோடு மரம் உரசினால் சூடேறிப் புகையும்.

முக்கியமான இடம் இது: புதிய அச்சின் முனை குடத்தின் துளைக்குச் சரியாக அமைய வேண்டும். தளர்ந்தால் சக்கரம் ஆடி வட்டை உடையும். இறுகினால் சுழலாமல் சூடேறும். ஒரு வண்டியின் அச்சு இன்னொரு வண்டிக்குப் பொருந்துவது நிச்சயமில்லை, ஏனென்றால் குடம் ஒவ்வொன்றும் கையால் குடைந்தது. அதனால் வரிசைக்கு ஒன்று என்று பொதுவாகக் கொண்டுபோனால் பயன்படாது. அவரவர் குடத்துக்கு இழைத்து, பொருத்திப் பார்த்து, பிறகு கட்டி வைக்க வேண்டும். வழியில் நல்ல மரம் கிடைத்தாலும் பச்சை மரத்தில் அச்சு செய்ய முடியாது. காயும்போது வெடிக்கும், முறுக்கும்.

கீழ்மரத்தில் கட்டுவதற்கும் காரணம் தெளிவு. அச்சு ஆள் உயரத்தை மீறும் நீளக் கட்டை. மேலே போட்டால் சரக்கு வைக்கும் இடத்தைத் தின்னும், பாரத்தையும் உயர்த்தும். வண்டிக்கு அடியில் நீளவாக்கில் கட்டினால் எடை தாழ்வாக நிற்கும், வெயிலும் நேரே படாது.


மறுகேள்வி — நெய்தல்மணல்

இவ்வளவு தெளிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு பேரிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த வண்டிகளின் தோற்றம் பற்றி ஏதாவது பாட்டில் முழு வருணனை இருக்கிறதா? எவ்வளவு பெரிய கூட்டமாகப் போனார்கள்? நாளொன்றுக்கு எவ்வளவு தூரம்?


பதில் — ஏட்டுவரி

பெரும்பாணாற்றுப்படையின் 46 முதல் 65 வரையுள்ள அடிகளைப் படியுங்கள். தமிழில் ஒரு சரக்கு வண்டியை இத்தனை உறுப்புகளோடு காட்டும் பழைய பகுதி வேறு இல்லை என்றே நினைக்கிறேன். முழவு போன்ற குடம், சூட்டில் (வட்டையில்) பொருந்திய ஆரக்கால்கள், கதவுக்குக் குறுக்கே இடும் கணைய மரங்களைச் சேர்த்தாற்போன்ற நீண்ட இரு பார்கள், மேலே ஆரையால் வேய்ந்த கூரை. முகப்பில் கோழிக் கூடு. பெண் யானையின் முழந்தாள் போன்ற சிற்றுரல் கட்டித் தொங்குகிறது. காடி வைத்த கலத்தைக் கயிற்றால் பிணித்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை கலந்த மாலை அணிந்த வலிய ஆண்கள் பக்கத்தில் நடந்து காவல் செய்கிறார்கள்.

யார் ஓட்டுகிறார், யார் நடக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 'வண்டிக்காரர்' என்றதும் ஆண் என்று எண்ணுவது நம் பழக்கம். இங்கே ஓட்டுவது தாய். ஆண்கள் நடப்பதில் இரண்டு நன்மை: வண்டியின் சுமை குறைகிறது, கள்வர் வந்தால் கை உடனே விடுபட்டிருக்கிறது. உரலும் கோழியும் வண்டியில் இருப்பதால் இது குடும்பமே பெயர்ந்து செல்லும் பயணம்.

சிறுபாணாற்றுப்படையில் உமட்டியர் (உமணர் பெண்டிர்) பெற்ற பிள்ளைகளோடு மந்தி கிலுகிலுப்பை ஆடுகிறது. அந்த மந்தியே உமணர் ஒழுகையோடு வந்ததுதான். கிலுகிலுப்பையோ முத்தை உள்ளே வைத்த சிப்பி.

கூட்டத்தின் அளவுக்குக் குறுந்தொகை 124 போதும். உமணர் தங்கிவிட்டுப் போன இடம் ஊர் ஒன்று பாழானதைப் போலக் கிடக்கிறது என்கிறது. நாலு வண்டி நின்ற இடம் அப்படித் தோன்றாது. அகநானூற்றில் 'உமண்சாத்து இறந்த ஒழிகல் அடுப்பு' வருகிறது. அவர்கள் விட்டுப்போன அடுப்புக் கற்களிலேயே மழவர் என்ற மறவர் ஊன் சமைக்கிறார்கள். வழக்கமாகத் தங்கும் இடங்கள் வழியில் இருந்தன என்பதற்கு இதுவும் குறிப்பு.


பதில் — வட்டைக்கால்

தூரம்: சுமையேற்றிய எருது மணிக்கு 3 கி.மீ. அளவில் நடக்கும். நடு வெயிலில் அவிழ்த்துவிட வேண்டும், அசைபோட நேரம் வேண்டும். அதனால் நாளுக்கு 20 கி.மீ. அளவு என்பதே நியாயமான கணக்கு. கடற்கரையிலிருந்து 200 கி.மீ. உள்ளே போக, எதுவும் உடையாவிட்டாலும் பத்து நாள் ஆகும். 'பல் எருத்து உமணர்' என்று பாட்டு சொல்வதை நான் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். நீண்ட வழியில் பூட்டு மாற்ற உபரி எருது இல்லாமல் காலம் தள்ள முடியாது.

எருது நொண்டினால் என்ன ஆகும் என்பதையும் புறநானூறு 307 மறைக்கவில்லை. நீரும் புல்லும் ஈயாமல், யாருமில்லாத இடத்தில் உமணர் விட்டுப்போன முடமான எருது அங்கே உவமையாக வருகிறது. கடுமையான செயல். ஆனால் வரிசை நின்றால் எல்லா எருதுக்கும் தண்ணீர் தட்டும். சேற்றில் வண்டி அழுந்தினால் மட்டும் ஆட்கள் எருதோடு சேர்ந்து கை கொடுப்பார்கள். அகநானூறு 140-ல் உப்பு விற்கும் உமணர் மகளின் தந்தையே அப்படி இறங்கி இழுக்கிறார்.

காவற்குப்பை, அதாவது காவலிட்ட உப்புக் குவியல், பற்றியும் ஒரு வார்த்தை. வாரிய உப்பை உடனே ஏற்றக் கூடாது. குவித்து வைத்தால் கசப்பு நீர் அடியில் வடிந்து போகும். வடியாத உப்பை ஏற்றினால் வண்டியில் சொட்டிக்கொண்டே போகும், கடையாணி முதலான இரும்பெல்லாம் துருப்பிடிக்கும், போய்ச் சேரும்போது அளவும் குறையும். உமணர் வரும்வரை குப்பை காத்திருந்தது இருவருக்கும் நல்லது.


பதில் — கல்வெட்டுப்படி

வேர் பற்றிய கேள்வி நின்றுவிட்டது, அதற்கு வருகிறேன்.

'உவர்மண் > உமண்' என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒலி வகையில், உவர் என்பதன் வகரமும் ரகரமும் சேர்ந்து மறைய வேண்டும். உவர்நீர், உவர்நிலம் என எந்தக் கூட்டிலும் அப்படி மறைவதில்லை. பொருள் வகையிலும் ஒட்டவில்லை. உவர்மண் என்பது துணி வெளுக்கப் பயன்பட்ட நிலத்து மண். உமணர் ஏற்றியது கழியில் விளைந்த வெண்கல் உப்பு.

சொல்லின் அமைப்பைப் பாருங்கள். அடிச்சொல் 'உமண்'. அதுவே கூட்டத்தின் பெயர், அதனால்தான் 'உமண்சாத்து'. ஆண்பால் உமணன், பலர்பால் உமணர், பெண்பால் உமட்டி. ணகர ஈற்றோடு 'தி' விகுதி சேர்ந்து 'ட்டி' ஆகிறது. இதே வாய்பாட்டில் இன்னொரு தொழிற்கூட்டப் பெயர் உண்டு: பாண், பாணன், பாட்டி. மதுரைக்காஞ்சியில் 'பாணர் வருக பாட்டியர் வருக' என்பதில் வரும் பாட்டியர் முதிய பெண்டிர் அல்லர், பாண் குலப் பெண்டிர். ஆக உமண் என்பது பாண் போலப் பழைய கூட்டப்பெயர்.

உப்பு, உவர், உவரி என்ற சொற்களோடு உமணுக்கு உறவு இருக்கிறது என்று சொல்வதில் தடையில்லை. வகரமும் மகரமும் மாறி வருவது தமிழில் இயல்பு, குவி–குமி போல. உறவு வேர் அளவில்தான், 'மண்' என்ற சொல்லுக்கு அதில் வேலை இல்லை.

கல்வெட்டில் தேடினால் வேறு சொல் கிடைக்கும். அழகர்மலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் கொடையாளர் ஒருவர் 'உப்பு வணிகன்' என்றே குறிக்கப்படுகிறார். அதே மலையில் பாணித (கரும்புப்பாகு) வணிகன், அறுவை (துணி) வணிகன் ஆகியோரும் இருக்கிறார்கள். சிலப்பதிகாரமும் புகாரின் வீதியில் 'வெள்ளுப்புப் பகருநர்' என்கிறது. நகரத்தில் நின்று விற்பவருக்கு ஒரு பெயர், வண்டியோடு வழிநடப்பவருக்கு ஒரு பெயர் என்று இதைப் பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஏட்டுவரி சொன்ன தீர்ப்புக்கு இது துணை நிற்கிறது.

இன்னொன்று, உப்புப் போக்குவரத்தெல்லாம் உமணர் கையில் இருந்ததாகக் கொள்ள வேண்டாம். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல் ஏற்றிவந்த 'வல்வாய்ப் பஃறி' வருகிறது, அது படகு. ஆறும் கழியும் இருந்த சோழ நாட்டில் படகு, கல்நாட்டுக்கு (மலைநாட்டுக்கு) வண்டி. பாடல் தொகுப்புகளில் தேடுகிறவர்கள் 'உமணர்' என்று மட்டும் தேடினால் பாதி விட்டுப்போகும். 'உமண்', 'உமட்டியர்', 'ஒழுகை', 'சாகாடு' ஆகிய நான்கையும் தனித்தனியே தேடுங்கள். புறநானூறு 60-ல் கழியுப்பை முகந்து கல்நாட்டுக்கு ஏறும் 'ஆரைச் சாகாடு' வருவதும், அழுந்திய இடத்திலிருந்து அதை இழுத்துப் போக்கும் பகடு (எருது) வருவதும் அப்படித் தேடினால்தான் கண்ணில் படும்.